உங்க படத்துக்கு டூப்ளிகேட் கொடுக்க எந்த ஆபீஸும் கிடையாது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

தி.நகர்ல எங்க சித்தி வீடு இருக்கு. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்க பீரோவைத் திறந்தா மேல் தட்டுல பட்டுப்புடவைங்க அடுக்கியிருக்கும். அதுக்கு நடுவுல ஒரு மஞ்சப்பை. அந்தப் பைக்குள்ள ஒரு ஹார்ட் டிஸ்க். சித்தி வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நானோ எங்க அக்காவோ படியேறிப் போவோம். கையில கொண்டுபோன டிஸ்க்கைக் கொடுத்துட்டு, பீரோல இருக்கிறதை எடுத்துட்டு வருவோம். "அந்த டப்பாவுக்காகவாவது வந்தீங்களே"ன்னு சொல்லிட்டு சித்தி காபி போடப் போயிடுவாங்க.

இந்த எபிசோட் அந்த டப்பா பத்திதான். படம் வரையறவங்க, போட்டோ எடுக்கறவங்க, மியூசிக் பண்றவங்க, வீடியோ எடிட் பண்றவங்க நிறைய பேர் நம்ம ஷோவைக் கேக்கறீங்க. "பேக்கப் எப்படி எடுக்கறது?"ன்னு கேட்டு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. சாஃப்ட்வேர் இன்ஜினியர்ங்கிறதால எனக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடுன்னு நினைச்சிருப்பீங்க. ரெண்டு தடவை நான் இதுல தோத்திருக்கேன். ரெண்டு தடவையும் போனது என்னோட ஃபைல் கிடையாது. எங்க அக்காவோடது.

ஒரே பையில ரெண்டு பிரதி

2015-ல நாங்க கோட்டூர்புரத்துல வாடகைக்கு இருந்தோம். தரைத்தளம். நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். அக்கா ஓவியம் படிச்சு முடிச்சுட்டு, வீட்லேர்ந்தே சின்னச் சின்ன வேலை எடுத்துப் பண்ணிட்டிருந்தா.

அந்த நவம்பர் முழுக்க மழை. ஏரியெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. டிசம்பர் 1, மறுபடி பிடிச்சுக்கிச்சு. ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து தண்ணி திறந்தாங்க, அடையாறு கரை தாண்டுச்சு. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைன்னு ஆத்தோரம் இருந்த ஏரியா எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. உங்கள்ல பல பேருக்கு அந்த ராத்திரி நல்லா ஞாபகம் இருக்கும்.

எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப கரண்ட் இல்லை. மாடி வீட்டு மாமா கதவைத் தட்டி எழுப்பினார். கணுக்கால் அளவு இருந்த தண்ணி, நாங்க டார்ச் தேடறதுக்குள்ள முழங்காலுக்கு வந்துடுச்சு. அம்மா சர்டிபிகேட் ஃபைல், ரேஷன் கார்டு, நகை, அப்பாவோட சுகர் மாத்திரை எல்லாத்தையும் எடுத்தாங்க. நான் ரெண்டு குடம் குடிதண்ணியைத் தூக்கினேன். அக்கா பக்கத்து போர்ஷன் பாட்டியைக் கைத்தாங்கலா பிடிச்சு மாடி ஏத்தினா. அவளோட லேப்டாப் பை மேஜைக்குக் கீழ இருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரலை.

அக்கா கவனமான ஆளு. பேக்கப் எடுன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாரா வாரம் லேப்டாப்ல இருக்கிறதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைப்பா. ஆக, ரெண்டு பிரதி இருந்தது. ரெண்டும் அதே பையில இருந்தது.

அதுல என்ன இருந்ததுன்னு சொல்றேன். நாலு வருஷமா அவ மயிலாப்பூரை வரைஞ்சிட்டிருந்தா. கபாலி கோயில் குளம், பங்குனியில அறுபத்துமூவர் அன்னிக்கு மாட வீதியில நிக்கிற கூட்டம், நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில பிளாட்ஃபார்ம்ல அடுக்கி வச்சிருக்கிற கொலு பொம்மைங்க. இடிக்கறதுக்கு முன்னாடி அவசர அவசரமா வரைஞ்ச பழைய வீடுங்க. அப்புறம் எங்க பாட்டி. வாசப்படியில உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டிருக்கிற மாதிரி ஒரு படம். பாட்டி 2014-ல தவறிட்டாங்க. மொத்தம் 600 ஃபைலுக்கு மேல இருக்கும்.

தண்ணி வடிஞ்சப்புறம் போய்ப் பார்த்தோம். பையைத் திறந்தா சேறு. லேப்டாப் போச்சுன்னு பார்த்த உடனே தெரிஞ்சது. ஹார்ட் டிஸ்க் வெளிய பாக்க நல்லா இருந்தது.

இப்ப நான் பண்ண வேலையைச் சொல்றேன். ஈரமான போனை அரிசியில போட்டா சரியாயிடும்னு கேட்டிருப்பீங்கல்ல? நானும் கேட்டிருந்தேன். அக்காகிட்ட சொல்லாம அந்த டிஸ்க்கை அரிசி டப்பாவுல ரெண்டு நாள் வச்சேன். மூணாம் நாள் ஃப்ரெண்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அவன் லேப்டாப்ல சொருகினேன். டிக், டிக், டிக்னு ஒரு சத்தம். மறுபடி கழட்டி மறுபடி சொருகினேன். அதே சத்தம். நாலஞ்சு தடவை பண்ணியிருப்பேன்.

அப்புறம்தான் ரிச்சி ஸ்ட்ரீட்ல டேட்டா ரெக்கவரி பண்றவர்கிட்ட கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி பட்டப்புறம் ஆன் பண்ணீங்களா?" நான் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்கலை.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்தும். அதுக்கு மேல, தூசியைவிட மெல்லிசான இடைவெளியில, படிக்கிற முனை மிதக்கும். அந்த இடைவெளியில சேறு இருக்கும்போது சுத்தவிட்டா முனை தட்டைச் சுரண்டும். சுரண்டின இடத்துல இருந்த டேட்டா திரும்ப வராது. அதனால இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: தண்ணி பட்ட டிஸ்க்கை ஆன் பண்ணாதீங்க, வெயில்ல காய வைக்காதீங்க, அரிசியில போடாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே ஒரு கவர்ல போட்டு மூடி, ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுங்க. அக்கா டிஸ்க்லேர்ந்து ஒரு ஃபைல்கூட வரலை. நான் சொருகாம இருந்திருந்தா வந்திருக்குமோ என்னவோ. அந்த 'என்னவோ' எனக்கு இன்னும் இருக்கு.

சர்டிபிகேட்டும் படமும்

அடுத்த சில வாரத்துல ஒரு விஷயம் கவனிச்சேன். வெள்ளத்துல சர்டிபிகேட் தொலைச்சவங்களுக்கு டூப்ளிகேட் கொடுக்க அரசாங்கம் சிறப்பு முகாம் போட்டாங்க. பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாத்துக்கும் மனு வாங்கினாங்க. பாஸ்போர்ட் சேதமானவங்களுக்குக் கட்டணம் இல்லாம புதுசு தர்றோம்னு வெளியுறவுத் துறை அறிவிச்சாங்க.

ஏன் அது முடிஞ்சது? உங்க மார்க் ஷீட்டோட விவரம் போர்டுல இருக்கு. பத்திரத்தோட நகல் பதிவு அலுவலகத்துல இருக்கு. உங்க கையில இருந்தது ஒரு பிரதி, அவ்வளவுதான். இன்னொண்ணு வேற ஒரு ஊர்ல, வேற ஒருத்தர் பொறுப்புல இருக்கு. அந்த ராத்திரி நாங்க ஓடி ஓடி எடுத்தது, தொலைஞ்சிருந்தாலும் திரும்பக் கிடைச்சிருக்கக்கூடிய சாமான். திரும்பக் கிடைக்கவே கிடைக்காததை மேஜைக்குக் கீழ விட்டுட்டோம்.

அம்மாவை நான் குறை சொல்லலை. எந்த அம்மாவா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பாங்க. நான் சொல்றது இதுதான்: நீங்க வரைஞ்ச படத்துக்கு டூப்ளிகேட் கொடுக்க உலகத்துல எந்த ஆபீஸும் கிடையாது. அந்த ஆபீஸை நீங்களேதான் தொறக்கணும். பேக்கப்னா என்னன்னு என்கிட்ட கேட்டா, நான் இதைத்தான் சொல்வேன்.

இது கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த பிரச்சினை இல்லை

இப்ப எங்க வீடு அடையாறுல. அங்கேருந்து கொஞ்ச தூரம் போனா பெசன்ட் நகர்ல உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம். ஊர் ஊரா அலைஞ்சு சுவடி தேடினவர்னு ஸ்கூல்ல படிச்சிருக்கோம். எனக்கு இப்ப அதுல வேற ஒண்ணு தெரியுது. பனை ஓலை நிரந்தரம் கிடையாது. பூச்சி அரிக்கும், ஒடியும். அதனால ஒரு தலைமுறை எழுதினதை இன்னொரு தலைமுறை புது ஓலையில பெயர்த்து எழுதணும். பழைய ஏட்டை ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விடற வழக்கமும் இருந்தது. எங்க பெயர்த்து எழுதறது நின்னதோ அங்க ஒரு நூல் நின்னுபோச்சு. 1887-ல சீவக சிந்தாமணியை அவர் அச்சுல கொண்டுவந்தப்ப நடந்ததை என் பாஷையில சொன்னா: ஒண்ணு ரெண்டு இடத்துல இருந்தது, நூத்துக்கணக்கான இடத்துக்குப் போச்சு. இனிமே ஒரு வீட்ல கரையான் வந்தா அந்த நூல் சாகாது.

இதோட மறுபக்கம் யாழ்ப்பாணம். 1981 மே 31-ஆம் தேதியிலிருந்து ஜூன் 1 வரைக்குமான அந்த ராத்திரியில யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சாங்க. சுமார் 97,000 நூல்கள். அதுல அச்சுப் புத்தகம் பலதுக்கு வேற ஊர்ல ஒரு பிரதி இருந்தது. அங்க மட்டுமே இருந்த சுவடிகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 2005-லேர்ந்து நூலகம்ங்கிற பேர்லயே ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டுட்டு வர்றாங்களே, அதை நான் பாக்கும்போதெல்லாம் அந்தத் தீதான் ஞாபகம் வரும்.

சினிமாவுக்கு வாங்க. முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. இன்னிக்கு அதைப் பாக்கணும்னா ஒரு பிரதிகூட கிடையாது. ஊரே பார்த்த படம், போஸ்டர் இருக்கு, படம் இல்லை. 'என் வேலை ஃபேமஸ் ஆயிடுச்சு, எங்கேயாவது இருக்கும்'னு நம்பாதீங்கங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நல்ல உதாரணமும் ஒண்ணு சொல்றேன். தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு. செட்டிநாட்டு கோட்டையூர்ல இருந்த ரோஜா முத்தையா, தொழில்ல சைன்போர்டு எழுதற ஓவியர். வாழ்நாள் முழுக்கப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு சேர்த்தார். 1992-ல அவர் இறந்தப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிச்சு. வாங்கிட்டு, அமெரிக்காவுக்குத் தூக்கிட்டுப் போகாம, சென்னையிலேயே வச்சு மைக்ரோஃபிலிம் எடுக்க ஏற்பாடு பண்ணாங்க. காகிதம் உதிர்றதுக்குள்ள வேற ஒரு மீடியாவுல ஒரு பிரதி. ஒரு சைன்போர்டு ஓவியர் குப்பைன்னு எதையும் தூக்கிப்போடாததால இன்னிக்கு ஆராய்ச்சி பண்றவங்க அங்க போய் உக்காந்திருக்காங்க.

ரெண்டாவது தோல்வி

வெள்ளத்துக்கு அப்புறம் எனக்கு வேலை கிடைச்சது. முதல் வருஷ போனஸ்ல அக்காவுக்கு நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தினமும் ராத்திரி 2 மணிக்கு அவ லேப்டாப்ல இருக்கிற எல்லாப் படமும் தானா டிஸ்க்குக்குப் போயிடும். "நீ இனிமே இதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்"னு அவகிட்ட பெருமையா சொன்னேன். அவளும் யோசிக்கறதை விட்டுட்டா.

2021. அவ குழந்தைகளுக்கான ஒரு படப் புத்தகம் பண்ணிட்டிருந்தா, 32 பக்கம். ஒருநாள் காலையில போன். "டேய், லேப்டாப் ஆன் ஆகலைடா." எஸ்எஸ்டி செத்துப்போச்சு. நான் பதறவே இல்லை. "அதான் பேக்கப் இருக்கே, வர்றேன்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.

போய் டிஸ்க்கைத் திறந்து பார்த்தா, கடைசி ஃபைல் நாலு மாசம் பழசு.

டிஸ்க் நிரம்பிடுச்சு. அதனால ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ராத்திரியும் 2 மணிக்கு எழுந்து, இடமில்லைன்னு ஒரு லாக் ஃபைல்ல எழுதி வச்சுட்டுத் தூங்கியிருக்கு. நூத்துக்கும் மேல வரி. அந்த லாக் ஃபைல் ஒண்ணு இருக்குன்னே அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருதடவைகூடத் திறந்து பாக்கலை.

எங்களைக் காப்பாத்தினது என் ஸ்கிரிப்ட் இல்லை. ரெண்டு வாரம் முன்னாடி பார்த்துக் கருத்து சொல்லட்டும்னு 22 பக்கத்தை பி.டி.எஃப்-ஆ எடிட்டருக்கு மெயில் பண்ணியிருந்தா. லேயர் எல்லாம் ஒண்ணாக்கின படம், ஆனா படமாவது இருந்தது. மீதி பத்துப் பக்கத்தை மறுபடி வரைஞ்சா. 18 நாள். ராத்திரி ஒரு மணிக்கு நான் டீ போட்டுக் கொடுப்பேன், அவ நிமிர்ந்து பாக்க மாட்டா.

இதே கதை 'டாய் ஸ்டோரி 2'-வுக்கும் நடந்திருக்கு. 1998-ல பிக்ஸார்ல யாரோ தப்பான இடத்துல அழிக்கிற கமாண்டை ஓட்டிட்டாங்க. படத்தோட பெரும்பகுதி கண் முன்னாடி காணாமப் போச்சு. பேக்கப் இருக்குன்னு போனா, அது கொஞ்ச நாளாவே சரியா வேலை செய்யலை. கேலின் சூஸ்மன்ங்கிற டெக்னிக்கல் டைரக்டர், குழந்தை பிறந்ததால வீட்லேர்ந்து வேலை செய்யறதுக்காக ஒரு பிரதியை வீட்டு கம்ப்யூட்டர்ல வச்சிருந்தாங்க. அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில சுத்தி கார்ல வச்சு ஆபீஸுக்குக் கொண்டுபோனாங்க. படம் பிழைச்சது. அக்காவோட பி.டி.எஃப் மாதிரிதான். பேக்கப்னு எடுத்தது கைவிட்டுச்சு, வேற ஏதோ வேலைக்கு வெளிய போன பிரதி கைகொடுத்துச்சு.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் விதிவிலக்கு இல்லை. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார். அஞ்சு விதமா பேக்கப் ஏற்பாடு வச்சிருந்தோம், ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யலைன்னு அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. ஆறு மணி நேரம் முன்னாடி யாரோ கையால எடுத்து வச்ச ஒரு ஸ்னாப்ஷாட்தான் மிஞ்சினது. பரிசோதிக்காத பேக்கப்பை நம்பக் கூடாதுன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆபீஸ்ல தெரியும், வீட்ல தெரியலை.

அந்த 18 நாள்ல ஒருநாள் ராத்திரிதான் அரிசி டப்பா விஷயத்தை அவகிட்ட சொன்னேன். ஆறு வருஷம் கழிச்சு. அவ பேனாவைக் கீழ வைக்காமலே சொன்னா: "தெரியும்டா. டிஸ்க் ஓட்டையில ரெண்டு அரிசி இருந்துச்சு."

கிளவுட்ல இருக்கே, போதாதா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க: சிங்க், பேக்கப். சிங்க்னா இங்க இருக்கிறது அங்கயும் அப்படியே இருக்கும். இங்க அழிச்சா அங்கயும் அழியும். லேயரையெல்லாம் தெரியாம ஒண்ணாக்கி சேவ் பண்ணிட்டீங்கன்னா, அந்தத் தப்பும் சில நொடியில கிளவுட்டுக்குப் போயிடும். அழிச்சது குப்பைத்தொட்டியில பெரும்பாலும் 30 நாள் இருக்கும், அப்புறம் போயிடும். பேக்கப்னா நேத்து எப்படி இருந்தது, போன மாசம் எப்படி இருந்ததுன்னு திரும்பிப் போக முடியணும். கிளவுட் நல்லதுதான், நானும் வச்சிருக்கேன். ஆனா அது மட்டும் போதாது.

டேப்லெட்ல வரையறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறைய டிராயிங் ஆப்ல படம் ஆப்புக்குள்ளேயேதான் இருக்கும். ஆப்பை அழிச்சா படமும் போச்சு. உங்க ஆப் எங்க சேவ் பண்ணுதுன்னு இன்னிக்கே பாருங்க. மாசத்துக்கு ஒருதடவையாவது மூல ஃபைலை வெளிய எடுத்து வைங்க.

"இன்ஸ்டாகிராம்ல எல்லாம் இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஏ3 சைஸ்ல 300 டிபிஐ-ல அச்சடிக்கணும்னா படம் 3508-க்கு 4961 பிக்சல் இருக்கணும். இன்ஸ்டால வழக்கமா 1080 பிக்சல் அகலம். அதை அதே தரத்துல அச்சடிச்சா ஒன்பது சென்டிமீட்டர் அகலம் வரும். எங்க பாட்டி படம் இப்படித்தான் மிஞ்சினது. முன்னாடி எப்பவோ அக்கா முகநூல்ல போட்டிருந்தா. அதை எடுத்து பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம், போஸ்ட்கார்டு சைஸ். அதுக்கு மேல பெருசாக்கினா பாட்டி முகம் கட்டம் கட்டமா உடையும்.

இப்ப நாங்க என்ன பண்றோம்

அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கின ஒரு விதி இருக்கு: 3-2-1. மூணு பிரதி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வேற இடத்துல. இதைச் சொன்னது படம் எடுக்கிற ஆள்ங்கிறது எனக்குப் பிடிக்கும். எங்க வீட்ல அது இப்படி இருக்கு.

முதல் பிரதி அக்கா லேப்டாப்ல. ரெண்டாவது, வீட்ல ஒரு ஹார்ட் டிஸ்க். ஞாயித்துக்கிழமை சொருகுவோம், காப்பி ஆனதும் கழட்டிடுவோம். எப்பவும் சொருகியே வச்சிருந்தா, வைரஸ் வந்து ஃபைலைப் பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டிடும். மூணாவது, சித்தி வீட்டு பீரோல. நடந்துட்டிருக்கிற வேலையும் முடிச்ச படங்களும் கூடுதலா கிளவுட்ல.

டிஸ்க்கை அஞ்சு வருஷத்துக்கு மேல நம்பறதில்லை. நல்லா ஓடிட்டிருந்தாலும் புதுசுக்கு மாத்திடுவோம். ஓலை பெயர்த்து எழுதற மாதிரி. பென் டிரைவ்ல வருஷக்கணக்குல வச்சுக் காப்பாத்தலாம்னு நினைக்காதீங்க. அது ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போகத்தான்.

என்ன சேமிக்கறதுங்கிறதும் முக்கியம். லேயரோட இருக்கிற மூல ஃபைல். கூடவே எதுலயும் திறக்கிற மாதிரி ஒரு டிஃப் இல்லைன்னா பி.என்.ஜி. அப்புறம் நீங்க உருவாக்கின பிரஷ், அதுல பயன்படுத்தின ஃபாண்ட். தமிழ்ல வேலை செய்யறவங்களுக்கு இந்தக் கடைசி விஷயம் உயிர்நாடி. யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்ச ஃபைலை, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும் கலந்துகட்டி ஏதோ வரும். பத்திரிகையும் கல்யாணப் பத்திரிகையும் பேஜ்மேக்கர்ல பண்ணின காலம் ஒண்ணு இருந்தது. அதோட கடைசி வெர்ஷன் 2001-ல வந்தது. ஃபைல் பத்திரமா இருக்கும், படிக்க ஆள் இருக்காது. அதனால முடிச்ச வேலையில எழுத்தை அவுட்லைனா மாத்தி ஒரு பிரதி, கூட ஒரு பி.டி.எஃப், ரெண்டும் வைங்க.

பாஸ்வேர்டையும் மறக்காதீங்க. உங்க கிளவுட் அக்கவுன்ட்டைத் திறக்க உங்களைத் தவிர இன்னொருத்தருக்கு வழி தெரியணும். ரெக்கவரி கோடை ஒரு பேப்பர்ல எழுதி டிஸ்க்கோடயே வைக்காம வேற இடத்துல வைங்க. ரெண்டு வருஷம் தொடாத அக்கவுன்ட்டை அழிக்கலாம்னு கூகுள் விதியே வச்சிருக்கு.

கடைசியா, ரொம்ப முக்கியமானது. மாசத்தோட முதல் ஞாயிறு அக்கா ஏதாவது ஒரு ஃபைல் பேர் சொல்லுவா. "2019, திருவல்லிக்கேணி, டீக்கடை." நான் டிஸ்க்லேர்ந்து அதை எடுத்து, அவ லேப்டாப் இல்லாம என் லேப்டாப்ல திறந்து, ஜூம் பண்ணிக் காட்டணும். லேயர் இருக்கா, ஃபாண்ட் வருதா, கடைசியா திருத்தினது இருக்கான்னு அவ பாப்பா. பத்து நிமிஷ வேலை. ரெண்டு தடவை இதுல தப்பு கண்டுபிடிச்சிருக்கோம், ரெண்டும் நான் பண்ணினது. என் ஸ்கிரிப்ட் இப்பவும் ஓடுது. ஆனா ஓடி முடிச்சதும் எங்க ரெண்டு பேர் போனுக்கும் மெசேஜ் வரும். மெசேஜ் வரலைன்னா அன்னிக்கு ஏதோ பிரச்சினைன்னு அர்த்தம்.

மிக்ஜாம்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 4-ஆம் தேதி காலையில எழுந்து பார்த்தா எங்க தெரு முழுக்கத் தண்ணி. நாங்க இப்ப முதல் மாடி, வீட்டுக்குள்ள வரலை. ஆனா கரண்ட் இல்லை, சிக்னல் வந்து வந்து போச்சு. எட்டு வருஷம் முன்னாடி நடந்தது எல்லார் முகத்துலயும் தெரிஞ்சது. அம்மா பழக்கதோஷத்துல சர்டிபிகேட் ஃபைலை எடுத்துக் கட்டில் மேல வச்சாங்க. அப்பா ஜன்னல் கிட்டயே நின்னார்.

அக்கா பால்கனியில நின்னு தண்ணியைப் பார்த்துட்டிருந்தா. நான் பக்கத்துல போய் நின்னேன். அவ லேப்டாப் மேஜை மேலயே இருந்தது. அதை எடுத்து உள்ள வைக்கட்டுமான்னு கேட்டேன்.

"இருக்கட்டும். சித்தி வீட்ல இருக்கிறது எந்த மாசத்தோடது?"

"நவம்பர். போன மாசம் நீதானே கொண்டுபோன."

"திறந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவ தலையாட்டினா. அப்புறம் உள்ள போய் ஸ்கெட்ச்புக் எடுத்துட்டு வந்து, தண்ணியில தெர்மாகோல் மேல உக்காந்து போற ஒரு பூனையை வரைய ஆரம்பிச்சா. அந்தப் படம் இப்ப மூணு இடத்துல இருக்கு.

சரி மக்களே. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். 3-2-1 எல்லாம் மெதுவா பண்ணிக்கலாம். இன்னிக்கு ராத்திரி, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஃபைல், ஒரே ஒரு ஃபைல், அதோட ரெண்டாவது பிரதி எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. இருந்தா, திறந்து பாருங்க. இல்லைன்னா, உங்க சித்தி வீடு எதுன்னு யோசிங்க. ஃப்ரெண்டு வீடா இருக்கலாம், ஆபீஸ் லாக்கரா இருக்கலாம், ஊர்ல தாத்தா வீட்டுப் பரணா இருக்கலாம். போகும்போது ஏதாவது ஸ்வீட் வாங்கிட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.